காதில் வைத்த சந்தனம்

குளியலறைக் கதவு உள்ளேயிருந்து தாழிடப்படும் சத்தம் கேட்டதும் தாரணி அடுப்பைத் தணித்தாள். கரண்டியை ஓசைப்படாமல் மேடையில் வைத்தாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு மெல்ல நடந்துபோய்க் கதவோரம் நின்றாள்.

உள்ளே அவள் கணவன் யுவராஜ் பேசிக்கொண்டிருந்தான்.

"வாடா தம்பி. இன்னிக்காச்சும் வெரசா முடிச்சுவுடு. வெளிய ஒருத்தி மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுத் திரியறா."

தம்பி பதில் சொல்லவில்லை. அதற்குப் பேசத் தெரியாது. தண்ணீர் இளஞ்சூட்டுக்கு வரும் முனகல் மட்டும் கேட்டது. பிறகு அவன் பாடத் தொடங்கினான். அதைப் பாட்டு என்று சொல்ல முடியாது. ஏதோ ஒரு மெட்டை மூக்கால் இழுத்தான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவன் பாடி அவள் கேட்டதில்லை. எந்தக் கல்யாண வீட்டில் மைக்கை நீட்டினாலும் ஓடி ஒளிகிறவன், ஒரு ரைஸ் குக்கர் உயரத்துக்கு வெள்ளையாக உட்கார்ந்திருக்கும் இயந்திரத்துக்குப் பாடிக் காட்டினான்.

தாரணிக்கு வயிறு எரிந்தது. அவன் அதைத் தம்பி என்றான். அவள் மனதுக்குள் அதற்கு வைத்திருந்த பெயர் சக்களத்தி.

யுவராஜ் உடுமலைப் பக்கம் காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்த்தவன். இப்போது அந்த வேலைக்கு ஆள் ஏறுவதில்லை. சிலந்திபோலக் கால்வைத்த இயந்திரங்கள் ஏறுகின்றன. மனிதர்கள் ஏறிய கடைசிக் காலத்தில் ஏறியவர்களில் அவன் ஒருவன், விழுந்தவர்களிலும் ஒருவன். கழுத்தடியில் தண்டுவடம் நசுங்கிப்போனது. தோளும் மணிக்கட்டும் தப்பின. விரல்கள் மடங்கவில்லை. மார்புக்குக் கீழே எதுவும் அவன் பேச்சைக் கேட்கவில்லை, குடல் உட்பட.

ஆஸ்பத்திரியில் கற்றுக்கொடுத்தபடி ஒன்றுவிட்டு ஒரு நாள் காலையில் தாரணிதான் அவனுக்கு மலம் வெளியேற்றிவிட்டாள். உறை மாட்டிய விரல், வெந்நீர், பொறுமை. முதல் மாதம் முழுக்க இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்தக் கூச்சத்தின்மேல் எதையாவது போட்டு மூட வேண்டும் என்றுதான் அவள் பேச ஆரம்பித்தாள். அவள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் யாருக்கு யாரோடு ஆகவில்லை, சூப்பர்வைசர் தலைக்கு எந்த டையை அடித்துக்கொண்டு வந்தார், எதிர்வீட்டு மரகதம் நாய்க்குப் பிறந்தநாள் கேக் வெட்டியது. கை ஒரு பக்கம் வேலை செய்யும், வாய் ஒரு பக்கம். அவன் சிரிப்பான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே வேலை முடிந்துவிடும்.

இப்படியே ஏழு வருடம். ஊரில் வேறு எந்தப் புருஷனும் பெண்டாட்டியும் இவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள் என்று அவளுக்கு ஒரு கர்வம்கூட உண்டு. வெளியே யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத கர்வம்.

அதில்தான் கோயம்புத்தூரிலிருந்து ரிஸ்வானா வந்து இறங்கினாள். கருவியை வடிவமைத்த குழுவில் ஒருத்தி. சந்தைக்கு விடுவதற்கு முன் சில வீடுகளில் வைத்துப் பார்க்கிறார்கள் என்றும், இந்த வீடும் அதில் ஒன்று என்றும் சொன்னாள்.

"இதுக்கு இப்ப ஒண்ணுமே தெரியாதுக்கா. நீங்கதான் சொல்லித் தரணும்," என்று தாரணியின் கையில் ஒரு மெல்லிய கையுறையைக் கொடுத்தாள். "இதப் போட்டுக்கிட்டு எப்பவும் செய்யற மாதிரியே செய்ங்க. எவ்வளவு அழுத்தறீங்க, எங்க நிறுத்தறீங்க, தண்ணி எவ்வளவு சூடு, எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கும். பதினஞ்சு நாள்ல உங்க கைய அப்படியே புடிச்சுக்கும்."

"எங்கையப் புடிச்சு என்ன பண்ணப் போகுதுங்க?"

"கடையில வாங்கற குழாயெல்லாம் எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே அழுத்தம். அண்ணாவுக்கு உணர்ச்சி இல்ல, புண்ணானாலும் தெரியாது. இதுல குழாய் நுனியில மெத்துன்னு ஒரு பலூன் இருக்கு. தானா உள்ள போயி வெந்நீர் விடும். குடல் இறுகினா தானும் தளரும். அண்ணா சொந்தமா உக்காந்து, சொந்தமா முடிச்சுக்கலாம்."

யுவராஜ் கருவியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். இயந்திரம் என்றால் அவனுக்கு அப்படி. "மேல சின்னதா ஒரு ஓட்ட இருக்குதுங்களே?"

"அது காதுங்கண்ணா. வயித்துல கட்டற பெல்ட்டுல ஒரு காது, குடல் சத்தம் கேக்க. இது வெளிச் சத்தம் கேக்க. உங்களால பட்டன் அமுத்த முடியாதில்ல? ஏதாச்சும் சரியில்லன்னா 'நிறுத்து'ன்னு சொல்லுங்க. காத்த எறக்கிட்டு வெளிய வந்துரும். இந்த ஓட்டைய மட்டும் எதுவும் அடைக்காமப் பாத்துக்கங்கக்கா."

"சொன்னாக் கேக்குங்களா? அப்ப இவளவிடத் தேவலையாட்ட இருக்குதே!" என்றான் யுவராஜ். மூவரும் சிரித்தார்கள். தாரணிதான் சத்தமாகச் சிரித்தாள்.

பதினைந்து நாள் அவள் கையுறையோடு வேலை செய்தாள், வழக்கம்போலப் பேசிக்கொண்டே. பிறகு ரிஸ்வானா கையுறையைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். யுவராஜ் கேட்டதற்காகக் கதவில் ஒரு தாழ்ப்பாள் வந்தது, மணிக்கட்டை மாட்டி இழுக்கத் தோதான வளையத்தோடு. கற்றுக்கொடுத்தவள் வெளியே நின்றாள். கற்றுக்கொண்டது உள்ளே போனது.

முதல் வாரம் ஒரு ஈடு இட்லி வேகும் நேரத்தில் அவன் வெளியே வந்துவிடுவான். பாத்திரத்தோடும் போனில் தங்கையோடும் கத்திக்கொண்டிருந்த தாரணிக்கு அவன் போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. மணிக்கட்டு வலி குறைந்தது. "உனக்கு விடுதலைடி," என்றாள் தங்கை. தாரணிக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு நாள், தற்செயலாக, அந்தப் பாட்டு காதில் விழும்வரை.

அன்றிலிருந்து அவள் கதவோரம் வந்து நின்றாள். நிற்க ஆரம்பித்த பிறகுதான் அவன் உள்ளே இருக்கும் நேரம் நீண்டுகொண்டே போவதைக் கவனித்தாள். இரண்டு ஈடு. மூன்று ஈடு. ஒரு பலூனையும் குழாயையும் பார்த்துப் பொறாமைப்படுகிற பெண் உலகத்தில் தன்னைத் தவிர இன்னொருத்தி இருப்பாளா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகவே வந்து நின்றாள், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு.

ஒரு நாள் தட்டில் சோற்றைப் போட்டபடியே கேட்டுவிட்டாள். "அப்படி என்னுங்க, அதுகிட்ட அத்தன நேரம்?"

"நானா உக்காந்திருக்கறேன்? அது முடிச்சாத்தான வர முடியும்."

"பாட்டெல்லாம் பலமா இருக்குது."

அவன் முகம் மாறியது. கையில் கட்டியிருந்த ஸ்பூனைத் தட்டில் சாய்த்தான். "கதவுகிட்ட நின்னு கேட்டுட்டு இருந்தியா?"

அவள் குழம்பு ஊற்றினாள்.

"ஏம் புள்ள, இந்த ஒடம்புல நீ பாக்காத எடமில்ல, டாக்டரு பாக்காத எடமில்ல. ஏழு வருசங்கழிச்சு எனக்குன்னு மூடிக்க ஒரு கதவு கெடைச்சிருக்குது. அதுலயும் வந்து காத வெக்கோணுமா?"

"அப்ப நாம் பண்ணுனதெல்லாம் உங்களுக்குப் பாரமா இருந்துதுங்களா?"

"பாரம்னு சொன்னனா?"

"சொல்ல வேற வேணுமாக்கும்."

அதற்குப் பிறகு அவள் அவனோடு பேச்சைக் குறைத்தாள். சாப்பாடு ஆச்சா, மாத்திரை ஆச்சா, அவ்வளவுதான். அவன் உள்ளே போனால் கதவோரம் நிற்பதை மட்டும் விடவில்லை.

ஆயுத பூஜை வந்தது. சாமி படத்துக்குப் பொட்டு வைக்க மறந்தாலும் ஸ்பானருக்கு வைக்க மறக்காத ஆள் யுவராஜ். காற்றாலைக் காலத்துக் கருவிகளை எல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கச் சொன்னான். தாரணி தண்ணீர் மோட்டாருக்கு வைத்தாள், மிக்ஸிக்கு வைத்தாள், ஸ்கூட்டருக்கு வைத்தாள், அவனுடைய சக்கர நாற்காலிக்கு நாலு பக்கமும் வைத்தாள். கிண்ணத்தில் சந்தனம் தீரப்போகிற நேரம்.

"தம்பிய உட்டுட்டியே," என்றான் அவன்.

"அது குளிக்கிற ரூம்புல இருக்கறதுங்க. அதுக்கெதுக்கு?"

"இந்த ஊட்டுல அதவிட ஒழைக்கற மெசினு எது? போயி வெச்சுட்டு வா." பின்னாலேயே நாற்காலியை உருட்டிக்கொண்டு குளியலறை வாசல்படிவரை வந்தான்.

தாரணி அதன் முன்னால் குனிந்தாள். வெள்ளை உடம்பு, வழவழப்பான நெற்றி, நெற்றி நடுவில் அந்தச் சின்ன ஓட்டை. பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோல இருந்தது. அது காது என்று அவளுக்குத் தெரியும். அவன் பாட்டையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற காது. கேட்டது போதும், ஒரு நாளைக்காவது அவன் பாடுவது உனக்குக் கேட்காமல் போகட்டும் என்று நினைத்தாள். கிண்ணத்தை வழித்து, கட்டைவிரலால் சந்தனத்தை அந்த இடத்திலேயே அழுத்தினாள். வேண்டிய நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அழுத்தினாள். மேலே குங்குமம் வைத்தாள். 'நிறுத்து' என்ற சொல் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அதுவரை ஒரு தடவைகூட அதற்குத் தேவை வந்ததில்லை.

பூஜையில் வைத்த பொட்டை யாரும் துடைப்பதில்லை. தானாக உதிரும்வரை அப்படியே இருக்கும். இரவுக்குள் சந்தனம் காய்ந்து கல்லாகிவிட்டது.

மறுநாள் விஜயதசமி. யுவராஜ் தாழிட்டுக்கொண்டான். தாரணி வந்து நின்றாள். பாட்டுக் கேட்டது. பிறகு பாட்டு நின்றது. நெடுநேரம் முனகல் மட்டும். மூன்று ஈடு தாண்டியிருக்கும்.

"நிறுத்து," என்றான் யுவராஜ்.

முனகல் தொடர்ந்தது.

"நிறுத்து. டேய், நிறுத்துடா!"

வெளியே நின்றவளுக்கு முதலில் தோன்றியது பயமல்ல. ரெண்டு பேருக்கும் சண்டை வந்துவிட்டது என்ற சந்தோஷம். உதட்டோரம் சிரிப்புக்கூட வந்தது. அவன் மூன்றாவது தடவை சொன்னபோது குரல் உடைந்திருந்தது. நான்காவது தடவை சொல்லவில்லை. ரத்த அழுத்தம் ஏறினால் எச்சரிக்க அவன் கையில் கட்டியிருந்த வாட்ச் கீச்சிட ஆரம்பித்தது.

அப்போதுதான் கட்டைவிரல் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"ஏனுங்க! ஏனுங்க, தாழ எடுங்க!"

தாழ் நகரவில்லை. பிளாஸ்டிக் கதவுதான். இரண்டாவது உதையில் தாழ்ப்பாள் பிடுங்கிக்கொண்டு வந்தது. அவன் நாற்காலியில் சரிந்திருந்தான். முகமும் கழுத்தும் ரத்தமாகச் சிவந்து, நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. "தல... தல வெடிக்குது," என்றான். ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கீழே ஏதாவது நெருக்கினால் அவனுக்கு வலிக்காது, ரத்த அழுத்தம் ஏறும், ஏறினால் மூளைக்கே ஆபத்து, முதலில் நெருக்குவதை எடு என்று. அவள் இயந்திரத்தைப் பார்த்து "நிறுத்து" என்று கத்தினாள். அது கேட்கவில்லை. நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினாள். உதிரவில்லை.

விட்டுவிட்டு மண்டியிட்டாள். அவனை நிமிர்த்தித் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, பலூனின் காற்றுக் குழாயைக் கையாலேயே பிடுங்கிக் காற்றை இறக்கினாள். விரல் போகிற வழி விரலுக்கு மறக்கவில்லை. மெதுவாக, இழுக்காமல், எடுத்துவிட்டாள். பெல்ட்டைத் தளர்த்தினாள். பிறகு அவன் தலையைப் பிடித்துக்கொண்டு வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எண்கள் இறங்க நேரம் எடுத்தது. கீச்சு ஒருவழியாக நின்றது.

"கதவ ஒடச்சுப்போட்டியா?" என்றான் அவன் கண்ணைத் திறக்காமல்.

அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள்.

அன்று மாலையே ரிஸ்வானா வந்தாள். முதலில் யுவராஜின் வாட்ச்சைப் பார்த்தாள், அப்புறம் இயந்திரத்தை. பொட்டைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தூசி அடைச்சா என்ன, தண்ணி போனா என்ன, எறும்பு போனா என்னன்னு எல்லாம் சோதிச்சோங்கக்கா. சந்தனத்த யோசிக்கல. எங்க அத்தா லேத் பட்டறையில வருசா வருசம் ஆயுத பூஜை நடக்கும். அந்தப் பொரி தின்னு வளந்தவ நான். எனக்கே தோணல பாருங்க." "ஒரே ஒரு காத நம்பி விட்டது எங்க தப்பு. வாட்ச்சோட இத இணைக்காம விட்டதும் எங்க தப்பு. நீங்க பாவம், தெரியாம வெச்சுட்டீங்க."

தாரணி வாயைத் திறந்தாள். யுவராஜ் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூடிக்கொண்டாள்.

ரிஸ்வானா மடிக்கணினியை இயந்திரத்தோடு இணைத்தாள். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினாள். "அக்கா, பொட்டு நேத்துத்தான வெச்சீங்க? ஆனா ரெண்டு மாசமாவே இது லேட்டாத்தான் முடிச்சிருக்கு. மொத வாரம் நல்லா இருந்திருக்கு. அப்புறம் எதுக்கோ காத்திருக்கு. வீட்ல ஏதாச்சும் மாறுச்சா?"

"ஒண்ணும் மாறலீங்களே," என்றான் யுவராஜ்.

ரிஸ்வானா எதையோ தட்டினாள். மடிக்கணினியிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. கொரகொரவென்று, ஆனால் தெளிவாக: "...அந்த நாய்க்குத் தலப்பா வேற கட்டி உட்டிருக்குதுங்க மரகதக்கா..." கூடவே ஓர் ஆணின் சிரிப்பு.

தாரணிக்குத் தன் குரல் என்று புரியவே சற்று நேரமானது.

"கையுறை போட்டுப் பழக்கின நாள்ல பதிவானது," என்றாள் ரிஸ்வானா. "நாங்க இதுக்குக் கைய மட்டுந்தான் கத்துக்கச் சொன்னோம். இது இன்னொண்ணையும் கவனிச்சிருக்கு. நீங்க பேசறப்பத்தான் அண்ணாவோட குடல் இளகுது. ஏழு வருசப் பழக்கம், ஒடம்பு அப்படிப் படிஞ்சு போயிருக்கு. அதனால உங்க குரல் கேக்கறப்ப வேலைய ஆரம்பிக்குது. கேக்கலன்னா, பலூன ஊதி வெச்சுக்கிட்டே கேக்கட்டும்னு காத்திருந்துட்டு, லேட்டா முடிக்குது. மொத வாரம் அடுப்படியில நல்லாப் பேசியிருக்கீங்க. அப்புறம் உங்க சத்தமே இல்ல. நீங்க காலையில வேலைக்குப் போயிட்டீங்களாக்கா?"

"இல்லீங்க," என்றாள் தாரணி. "இங்கதான் நின்னுட்டிருந்தேன்."

ரிஸ்வானா மடிக்கணினியை மூடினாள்.

கருவியை ரிஸ்வானா கொண்டுபோனாள். அது திரும்பி வரும்வரை, பழையபடி தாரணியே செய்தாள். பேச்சு வரவில்லை. வேலை முடிய வெகுநேரமானது. அவனும் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

திரும்பி வந்தபோது அதற்கு இரண்டு காதுகள் இருந்தன, இரண்டும் பின்பக்கம். வாட்ச்சோடு பேச்சுவார்த்தை இருந்தது. மணிக்கட்டால் இழுத்தால் நின்றுவிடும்படி ஒரு பட்டை தொங்கியது. தாரணியின் குரலுக்குக் காத்திருக்கும் பழக்கத்தை மட்டும் மாற்றவில்லை. நெற்றியில் ஒரு ரூபாய் அளவுக்கு வழவழப்பான பித்தளை வட்டம் பதித்திருந்தார்கள்.

"இது எதுக்குங்க?" என்றான் யுவராஜ்.

"பொட்டு வெக்கறதுக்குங்கண்ணா. இனிமே எல்லா மெசின்லயும் வரும்," என்றாள் ரிஸ்வானா.

கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று யுவராஜ் சொன்னான். போட்டே ஆக வேண்டும் என்று தாரணி ஆசாரியைக் கூட்டி வந்தாள்.

மறுநாள் காலை அவன் உள்ளே போனான். தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் சூடாகும் முனகல் மட்டும் கேட்டது. பாட்டு எழவில்லை. மூன்று பேரும் காத்திருந்தார்கள், கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர், இந்தப் பக்கம் ஒருத்தி.

ஏதாவது பேச வேண்டும். சூப்பர்வைசர், நாய், தேங்காய் விலை, எதை எடுத்தாலும் தொண்டைக்குமேல் வர மறுத்தது. அவளிடம் சொல்வதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"ஏனுங்க," என்றாள். "அந்தச் சந்தனத்த நான் தெரிஞ்சேதான் வெச்சனுங்க. காதுன்னு தெரிஞ்சேதான் வெச்சேன். நீங்க அதுகிட்டப் பாடறது எனக்குப் பொறுக்கலீங்க. உங்களுக்கு இப்படி ஆகும்னு மட்டும் சத்தியமாத் தெரியாதுங்க."

உள்ளே தண்ணீர் இறங்கும் சத்தம் தொடங்கியது. அவள் என்ன சொல்கிறாள் என்பது அதற்கு வேண்டியதில்லை. குரல் போதும்.

அவள் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும் புள்ள," என்றான் கடைசியில். "பொறத்தாலயே வந்து படிகிட்டத்தான நின்னேன்? பொட்டு வெக்கறதுக்கு யாரு அவ்வளவு நேரம் அமுத்துவா?"

"பாத்துட்டு ஏனுங்க தொடைக்கச் சொல்லல?"

இயந்திரம் தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இந்த ஒடம்புக்குப் பொறாமைப்படறதுக்கும் ஒருத்தி இருக்கறாளேன்னு இருந்துது. அது அப்படியே கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்னு உட்டுட்டேன். 'நிறுத்து'ங்கறது அப்ப எனக்கும் மறந்துதான் போச்சு."

அவள் கதவோரமாகவே தரையில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன, சத்தத்தக் காணோம்?" என்றான் அவன். "தம்பி வேலைய நிறுத்திப்போட்டான் பாரு. அந்த நாய் என்னாச்சு, அதச் சொல்லு."

"அத ஏன் கேக்கறீங்க," என்று ஆரம்பித்தாள் தாரணி. மூக்கு இன்னும் அடைத்திருந்தது. "மரகதக்கா அதுக்குப் பொண்ணு பாத்துட்டிருக்குதுங்க. பல்லடத்துல ஒரு எடமாம். நேத்துப் போயிப் பூ வெச்சுட்டே வந்துட்டாங்களாம்..."

உள்ளே அவன் சிரித்தான். கதவு தாழிட்டபடியே இருந்தது.